வழிகாட்டிய வேதியியலாளர் கெர்ட்ரூட் எலியன்

1986ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் 12 மருத்துவ மையங்களில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்வு, குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. எய்ட்ஸ் நோய் முற்றியவர்களும் முற்றும் நிலையில் இருந்தவர்களுமாக 282 பேர் அதில் பங்கேற்றிருந்தனர். அவர்களுள் 145 பேருக்கு ஏ.இஸட்.டி. என்ற மருந்தும், 137 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. இடையில் கணக்குப் பார்த்தபோது, வெற்று மாத்திரை உண்டவர்களில் 19 பேர் இறந்திருந்தனர். மருந்து உண்டவர்களில் இறந்தவர் ஒருவர் மட்டுமே. இதற்குமேல் எவருக்கும் வெற்று மாத்திரை கொடுப்பது முறையன்று என்று முடிவாகி, எல்லாருக்கும் அம்மருந்து வழங்கப்பட்டது. எச்.ஐ.வி. கிருமியை எதிர்க்கும் முதல் மருந்து உலகுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

இம்மருந்தைப் பற்றிப் பேசியோர் பலர், அதனைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு பெண்மணியின் பெயரைச் சொன்னார்கள். அவரோ அந்தப் புகழை ஏற்க மறுத்தார். தான் அதைச் செய்யவில்லை, தன்னிடம் பயின்றவர்கள் செய்தார்கள் என்பதே அவர் சொல்லிவந்த விளக்கம். அவர்தான் கெர்ட்ரூட் எலியன். முனைவர் பட்டத்துக்குப் படித்து முடிக்காமலே நோபல் பரிசு வரை உயர்ந்தவர். செய்யாத ஒன்றுக்குப் புகழ் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவர் செய்து முடித்தவை எவை? அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

தாத்தாவின் மரணம்

எலியன் 1918ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ராபர்ட் எலியன், லித்துவேனியாவிலிருந்து சிறுவயதில் குடியேறியவர், பல் மருத்துவர். தாயார் பெர்த்தாவும் பதினான்கு வயதில் அமெரிக்கா வந்தவர். வீட்டில் கல்விக்கு மதிப்பு இருந்தது. சிறுமி எலியன் கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தார். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டால் எல்லாப் பாடமும் பிடிக்கும் என்று சொல்லக்கூடிய மாணவியாக இருந்தார். 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியில் தந்தை தம் சேமிப்பை இழந்தார். குடும்பம் நெருக்கடிக்குள்ளானது.

பதினைந்து வயதில் பள்ளிப் படிப்பை முடித்த நேரம். அவர் உயிராக நேசித்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் மெல்ல மெல்ல நலிந்து இறந்ததைக் கண்முன் கண்டார். மனிதர் இப்படித் துன்புறக் கூடாது, இதற்கு ஒரு மருந்து வேண்டும் என்ற எண்ணம் அந்த மருத்துவமனையில்தான் அவர் மனத்தில் வேரூன்றியது. வேதியியல் படிப்பதென்று முடிவு செய்தார். பெண்களுக்கான ஹன்டர் கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. தேர்வில் சிறந்து விளங்கியதால் கிடைத்த இடம் அது. அந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் அவர் கல்லூரி வாசலையே மிதித்திருக்க முடியாது. 1937இல், பத்தொன்பது வயதில், முதல்தர மாணவியாகப் பட்டம் பெற்றார்.

மூடிய கதவுகள்

பட்டம் கையில் இருந்தது, வேலை இல்லை. பொருளாதார மந்தம் ஒரு பக்கம், பெண் என்ற தடை மறுபக்கம். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டுப் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பெண் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று காரணம் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. வேறு வழியின்றிச் செயலாளர் பயிற்சியில் சேர்ந்தார். செவிலியர் மாணவிகளுக்கு உயிர்வேதியியல் கற்பிக்க மூன்று மாத வேலை ஒன்று வந்ததும் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டார்.

பின்னர் ஒரு வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் சம்பளமே இல்லாமல் உதவியாளராகச் சேர்ந்தார். காலப்போக்கில் வாரத்துக்கு 20 டாலர் கிடைத்தது. அதில் மிச்சம் பிடித்து, பெற்றோர் உதவியுடன் 1939இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். அந்த வேதியியல் வகுப்பில் அவர் ஒருவரே பெண். பகலில் பள்ளிகளில் வேதியியலும் இயற்பியலும் கற்பித்து, இரவுகளிலும் வார இறுதிகளிலும் ஆய்வு செய்து 1941இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு இன்னோர் இடி விழுந்தது. அவர் மணக்கவிருந்த லெனர்ட் கேண்டர், இதயத்தின் உட்புறத்தைப் பாக்டீரியா தாக்கும் நோயால் இறந்தார். சில ஆண்டுகள் கழித்துப் பரவலான பெனிசிலின் அப்போதே கையில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். சரியான மருந்து சரியான நேரத்தில் இல்லை என்பதன் பொருளை எலியன் இருமுறை உணர்ந்தார். அதன்பின் அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை.

உலகப் போர் ஆண்களைப் போர்க்களத்துக்கு அழைத்துச் சென்றபோது ஆய்வுக்கூடங்கள் பெண்களைத் தேடின. முதலில் ஓர் உணவு நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பையும் மயோனைஸின் நிறத்தையும் சோதிக்கும் வேலை. கற்றுக்கொள்ள இனி ஒன்றுமில்லை என்று தோன்றியதும் அதை விட்டார். தந்தையின் பல் மருத்துவ நிலையத்துக்கு வந்திருந்த ஒரு வலி நிவாரணி மருந்து, பரோஸ் வெல்கம் என்ற நிறுவனத்தின் பெயரைக் காட்டிக்கொடுத்தது. விசாரித்துப் பார் என்று தந்தை சொன்னார். 1944இல் நியூயார்க்கை அடுத்த டக்கஹோவில் இருந்த அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்ற அறிஞரின் உதவியாளராக வாரம் 50 டாலர் சம்பளத்தில் சேர்ந்தார். அங்கே தொடங்கிய பணி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

முனைவர் பட்டத்துக்காக மாலை வேளைகளில் புரூக்ளின் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று படித்தார். இரண்டாண்டுகளுக்குப் பிறகு, வேலையை விட்டுவிட்டு முழுநேர மாணவியாக வந்தால்தான் தொடரலாம் என்று கல்வி நிலையம் சொல்லிவிட்டது. எலியன் வேலையைத் தேர்ந்தெடுத்தார். பட்டமா, பணியா என்ற கேள்வி நம் மாணவர்கள் பலருக்கும் வருவதுதான். அவருடைய முடிவு சரிதானா என்று அன்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

போலிக் கண்ணி

அந்நாளில் புதிய மருந்துகளைத் தேடுவது பெரும்பாலும் குருட்டாம்போக்கில் நடந்தது. கிடைத்த பொருளையெல்லாம் சோதித்துப் பார்த்து, எது பலிக்கிறது என்று காத்திருப்பார்கள். நோயின் மூலத்தை ஆராய்ந்து அதற்கேற்ப மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறியை நாம் அறிவோம். ஹிட்சிங்ஸும் எலியனும் மருந்து உருவாக்கத்தில் அந்த வழியில் நடந்தவர்கள் எனலாம்.

அவர்களுடைய சிந்தனை எளிமையானது. பாக்டீரியா, புற்றுநோய் உயிரணு, வைரஸ் எனப்படும் நச்சுயிரி ஆகிய எல்லாமே பெருக வேண்டுமானால் மரபுப் பொருளைப் புதிதாக உருவாக்கியாக வேண்டும். அந்த மரபுப் பொருள் ஒரு நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் முன்னதைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததற்குக் கை நீட்டும். அசல் கண்ணியைப் போலவே தோற்றமளிக்கும் போலிக் கண்ணி ஒன்றைக் கொடுத்தால் நோயின் உயிரணு ஏமாந்துபோகும். அதன் பெருக்கம் தடைப்படும். டி.என்.ஏ.வின் வடிவம் 1953இல்தான் தெரியவந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் இந்த வழியில் இறங்கிவிட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

எலியனுக்குத் தரப்பட்ட பகுதி பியூரின் எனப்படும் கண்ணி வகை. நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைத் தம் கையால் உருவாக்கிச் சோதித்தபின், ஓர் ஆக்சிஜன் அணுவுக்குப் பதிலாகக் கந்தக அணுவைப் பொருத்திய 6-மெர்காப்டோபியூரின் கிடைத்தது. அது குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக 1953இல் அனுமதி பெற்றது. அதுவரை அந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களே வாழ்ந்தனர். இம்மருந்தால் பலர் தேறினர். ஆனால் தேறிய குழந்தைகளிடம் நோய் மீண்டும் திரும்பியது. குணமானார்கள் என்று நம்பிய பிள்ளைகள் இறந்த செய்தி அவரை மிகவும் வாட்டியது. அவர் துவண்டுவிடவில்லை, அம்மருந்து உடலுக்குள் என்ன ஆகிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பிற்காலத்தில் மருத்துவர்கள் அதனைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைந்தனர். ஒரு மருந்து தனித்துச் சில காலமே தாங்கும். கூட்டாகச் சேரும்போதுதான் நோயை வெல்லும். இந்தப் பாடம் எச்.ஐ.வி. வரலாற்றில் மறுபடியும் வரப்போகிறது.

அந்த ஒரே வேரிலிருந்து பல கிளைகள் கிளைத்தன. உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசத்தயோபிரின், உறவினர் அல்லாதவரின் சிறுநீரகத்தையும் நோயாளிக்குப் பொருத்த வழி செய்தது. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுகளை வாட்டும் கௌட் நோய்க்கு அலோபியூரினால் 1966இல் வந்தது. ஹிட்சிங்ஸ் குழுவின் ஆய்விலிருந்து பைரிமெத்தமின், டிரைமெத்தோபிரிம் ஆகிய மருந்துகளும் பிறந்தன. 1967இல் எலியன் ஒரு துறையின் தலைவியானார்.

நச்சுயிரியை நோக்கி

நச்சுயிரி நம் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே பெருகுவது. ஆகவே அதைக் கொல்லும் மருந்து நம்மையும் கொல்லும் என்றே அக்கால அறிஞர் பலர் எண்ணினர். எலியனின் குழு இந்த எண்ணத்தை மாற்றியது. ஹெர்பீஸ் வகை நச்சுயிரிகளுக்கு எதிரான அசைக்ளோவிர் என்ற மருந்தை உருவாக்கியவர் அதே நிறுவனத்தின் ஹோவர்ட் ஷேஃபர். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை எலியனின் குழு விளக்கிக் காட்டியது. அந்த மருந்து சும்மா இருக்கும்போது உறங்கும் பொருள். நச்சுயிரிக்கே உரிய ஒரு நொதிதான் அதை எழுப்புகிறது. ஆகவே நச்சுயிரி புகுந்த உயிரணுவில் மட்டும் மருந்து விழித்தெழுகிறது. மற்ற உயிரணுக்களுக்குத் தீங்கு மிகக் குறைவு. 1978இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இந்தக் கண்டுபிடிப்பு, நச்சுயிரிக்கென்று தனியாக உள்ள நொதியைக் குறிவைக்கலாம் என்று உலகுக்கு உணர்த்தியது.

1983இல் எலியன் ஓய்வுபெற்றார். பாரிஸில் பாஸ்டர் ஆய்வகத்தினர் எய்ட்ஸுக்குக் காரணமான நச்சுயிரியைப் பிரித்தெடுத்ததும் அதே ஆண்டில்தான்.

யாருடைய மருந்து?

ஏ.இஸட்.டி. என்ற பொருள் அப்போது புதியதன்று. 1964இலேயே ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் அதைப் புற்றுநோய் மருந்தாக உருவாக்கியிருந்தார். அதுவும் ஒரு போலிக் கண்ணிதான். எலிகளின் புற்றுநோயில் அது பலிக்காததால் கிடப்பில் போடப்பட்டது.

1984இல் பரோஸ் வெல்கம் ஆய்வாளர்கள் எச்.ஐ.வி.க்கு மருந்து தேடத் தொடங்கினர். எலியனின் கீழ்ப் பணியாற்றி அனுபவம் பெற்ற வேதியியலாளர் ஜேனட் ரைட்அவுட், சோதிக்க வேண்டிய பொருள்களுள் ஒன்றாக இதைத் தேர்ந்தெடுத்தார். மார்த்தா செயின்ட் கிளேர், பிலிப் ஃபர்மன் முதலானோர் ஆய்வைத் தொடர்ந்தனர். 1985இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஹிரோவாக்கி மிட்சுயா, சாமுவேல் புரோடர் ஆகியோர், இப்பொருள் மனித உயிரணுக்களில் எச்.ஐ.வி.யைத் தடுப்பதை உறுதிப்படுத்தினர்.

எச்.ஐ.வி. தன் மரபுக் குறிப்பை ஆர்.என்.ஏ. வடிவில் வைத்திருக்கிறது. நம் உயிரணுவுக்குள் அதை டி.என்.ஏ.வாக மாற்றி எழுத ஒரு தனி நொதி அதற்கு உண்டு. அந்த நொதி எழுதும் சங்கிலியில் ஏ.இஸட்.டி. ஒரு கண்ணியாக நுழைந்துகொள்ளும். ஆனால் அடுத்த கண்ணிக்கு நீட்ட அதற்குக் கை இல்லை. சங்கிலி அங்கேயே அறுந்து நிற்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் டக்கஹோவில் தொடங்கிய அதே சிந்தனை இது.

தொடக்கத்தில் கண்ட 282 பேரின் ஆய்வு இதன்பின் நடந்ததே. 1987 மார்ச் மாதம் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி அளித்தது. இதற்கு வேறொரு கொடையும் அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து முன்பே கிடைத்திருந்தது. எய்ட்ஸ் நோயாளிகளைக் கொன்றுவந்த ஒருவகை நிமோனியாவுக்கு டிரைமெத்தோபிரிம் கலந்த மருந்தும், மூளையைத் தாக்கும் தொற்றுக்குப் பைரிமெத்தமினும் கைகொடுத்தன. எய்ட்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே அந்நோயாளிகளுக்கான மருந்துகள் அலமாரியில் காத்திருந்தன என்றால் மிகையாகாது.

ஆயினும் வெற்றி முழுமையாக இல்லை. ஏ.இஸட்.டி. இரத்தச் சோகையை உண்டாக்கியது. தொடக்கத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. ஓராண்டுச் செலவு ஏறத்தாழ 10,000 டாலர். நோயாளிகள் வீதியில் இறங்கிப் போராடினர். 1989இல் நிறுவனம் விலையைக் குறைத்தது. நச்சுயிரியும் தன்னை மாற்றிக்கொண்டு மருந்தை மீறியது. அறிகுறி தோன்றும் முன்பே இம்மருந்தை மட்டும் கொடுப்பதால் நிலைத்த பயன் இல்லை என்று 1993இல் ஐரோப்பிய ஆய்வொன்று காட்டியது. இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடம் எலியன் கண்ட அதே கதை. விடையும் அதேதான். 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, சாவின் விளிம்பில் இருந்தவர்கள் எழுந்து நடந்தனர்.

தடுப்பிலும் இம்மருந்து வழி திறந்தது. கருவுற்ற தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் இதைக் கொடுத்த ஆய்வில், குழந்தைக்குத் தொற்றும் அளவு 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைந்ததை 1994இல் கண்டனர். 2011இல் முடிவு வெளியான மற்றோர் ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 இணையர் பங்கேற்றனர். சென்னையும் அதன் மையங்களுள் ஒன்று. உரிய காலத்தில் மருந்து உண்பவரிடமிருந்து துணைவருக்குக் கிருமி தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. அதில் பெரும்பாலோர் உட்கொண்ட கூட்டு மருந்தில் ஏ.இஸட்.டி.யும் ஒன்று.

பரிசும் பணிவும்

1988ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு எலியனுக்கும் ஹிட்சிங்ஸுக்கும் ஜேம்ஸ் பிளாக் என்ற பிரிட்டிஷ் அறிஞருக்கும் வழங்கப்பட்டது. அப்போது எலியனுக்கு வயது எழுபது. 1969 முதல் பல பல்கலைக்கழகங்கள் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துவந்தன. மாலை நேர மாணவியாக அவர் விட்டுவந்த பட்டம், பல மடங்காகத் திரும்பி வந்தது.

ஏ.இஸட்.டி.யைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், தாம் செய்தது ஆய்வு முறையைக் கற்றுக்கொடுத்தது மட்டுமே, வேலையைச் செய்தவர்கள் அவர்கள்தான் என்று விளக்கினார். பரிசுகளைவிட, தம் மருந்தால் பிழைத்தவர்களும் அவர்களின் பெற்றோரும் எழுதிய கடிதங்களையே அவர் பெரிதாக மதித்தார். ஓய்வுக்குப் பிறகு டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வு வழி காட்டினார். 1999 பிப்ரவரி 21ஆம் நாள் வட கரோலைனா மாநிலத்தில் தமது 81ஆம் வயதில் காலமானார்.

நம் மண்ணில்

நம் மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று அறியப்பட்டது, அந்த 282 பேரின் ஆய்வு நடந்த அதே 1986இல்தான். 1998 முதல் அரசாங்க மருந்தகங்களில் கருவுற்ற தாய்மார்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, தேவைப்பட்டோருக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் திட்டம் நாடு முழுவதும் வந்தது. மருந்தின் விலை பெருந்தடையாக இருந்தபோது, 2003இல் நம் அரசு காப்புரிமைச் சட்டம் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, மலிவான மருந்துகளை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய அனுமதித்தது. அவற்றுள் ஏ.இஸட்.டி.யும் இருந்தது. 2018இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக மலேசியாவை உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இந்தச் சிறப்பைப் பெற்ற முதல் நாடு நாம்தான்.

எச்.ஐ.வி. உள்ள ஒரு தாய், இன்று இந்நாட்டில் கிருமி தொற்றாத பிள்ளையைக் கையில் ஏந்தி வீடு திரும்ப முடிகிறது. அவருக்குக் கெர்ட்ரூட் எலியன் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததைக் குறித்து எலியனும் வருந்தியிருக்க மாட்டார். ஆனால், ஆய்வுக்கூடத்தில் எத்தனையாவது முறையாகவோ தோற்றுப்போய் நிற்கும் நம் மாணவர்கள் அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தாம் கண்டறிந்த மருந்துகளால் பலரைக் காத்தவர், தாம் கற்றுக்கொடுத்த வழியால் தாம் பார்த்தேயிராத நோயாளிகளையும் காத்தார். ஒரு மருந்துக்குப் பதிலாக நாளை இன்னொரு மருந்து வரலாம். கற்றுக்கொடுத்த வழி, கற்றவர் கைகளில் வளர்ந்துகொண்டே இருக்கும்.